ஸ்டோர் கொம்பிரசரின் சூடும் தண்ணீரும்

தொழில் அறிவுப் பாடம்



தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு ரோலரைத் தெரியும், டிரையரைத் தெரியும், சல்லடைகளைத் தெரியும். மூலையில் ஒரு சின்ன அறைக்குள் "டக டக" என்று அடித்துக்கொண்டிருக்கும் கொம்பிரசரை மட்டும் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அது நின்றுபோன அன்றைக்குத்தான் அதன் ஞாபகம் வரும்.

ஒரு காலத்தில் ஸ்டோரில் கொம்பிரசர் என்றால் லொறி டயருக்குக் காற்று அடிக்கவும், மெஷின்களின் தூசியை ஊதித் தள்ளவும்தான். கலர் சோட்டர் வந்த பிறகு கதை மாறிவிட்டது. அந்த மெஷினுக்குள் கமரா ஒவ்வொரு தூளையும் பார்க்கிறது. காம்பும் நாரும் கண்ணில் பட்டவுடன் சின்ன வால்வு ஒன்று திறந்து, ஒரு ஊது ஊதி அதை வெளியே தள்ளுகிறது. காற்று இல்லையென்றால் கலர் சோட்டர் இல்லை. காற்றில் தண்ணீர் இருந்தால் வால்வு இறுகிப்போகும். நூற்றுக்கு 3 பங்கு அளவு ஈரம் வரைக்கும் காயவைத்து எடுத்த தூளில் மறுபடியும் ஈரம் தெறிக்கும். பச்சைக் கொழுந்திலிருந்து அவ்வளவு பாடுபட்டுச் செய்த தேயிலை கடைசி மெஷினில் கெட்டால் யாருக்கு நட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பாடம் ஸ்டோர்க்காரருக்கு மட்டும் அல்ல. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுன்களிலும் கொழும்பிலும் டயர் கடைகளில், சேவிஸ் ஸ்டேஷன்களில், பெயின்ட் அடிக்கும் கராஜ்களில் வேலை செய்கிறார்கள். அங்கேயும் இதே மெஷின்தான். லீவுக்கு வீட்டுக்கு வரும்போது இந்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள்.

நான் ஸ்டோரில் ஹெல்பராகச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கொம்பிரசரின் மோட்டார் எரிந்துபோய், டவுனுக்கு அனுப்பி, வயிண்டிங் செய்து கொண்டுவந்து பூட்டினார்கள். பூட்டிய நாளிலிருந்து மெஷினுக்கு ஒரே சூடு. பக்கத்தில் போனாலே முகத்தில் அனல் அடிக்கும். ஒயில் குறைவு என்றார்கள், ஊற்றினோம். பெல்ட் இறுக்கம் என்றார்கள், தளர்த்தினோம். மேசை ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தோம். மூன்றாம் நாள் ஒருவர் சொன்னார், சாக்கை நனைத்து ஹெட்டின் மேல் போடு என்று. நான்தான் போட்டேன். "டிக்" என்று ஒரு சத்தம். பார்த்தால் ஹெட்டில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. வார்ப்பிரும்பு அப்படித்தான், கொதிக்கிற நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தாங்காது.

ஒயில் பார்க்காத பொடியன் மெஷினை உடைத்துவிட்டான் என்று பேச்சாகிவிட்டது. எனக்கு நாலு நாள் பேர் போடவில்லை. அம்மாவுக்கு அந்த மாதம் கடையில் கடன் கூடிப்போனது. ஒயில் பார்த்தேன் என்று சொன்னேன், ஆனால் சூட்டுக்கு வேறு காரணம் காட்ட எனக்கு அறிவு இல்லை. புது ஹெட் பூட்டுவதற்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வயதான ஒரு பாஸ் வந்தார். வந்தவர் ஹெட்டைப் பார்க்கவே இல்லை. பெரிய சக்கரத்தின் மேல் படிந்திருந்த கிறீஸைத் துணியால் துடைத்தார். உள்ளே ஒரு அம்புக்குறி வார்த்திருந்தது.

"தம்பி, மோட்டார் வந்த பொறகு இந்தச் சக்கரம் எந்தப் பக்கம் சுத்துச்சுன்னு பாத்தியா?"

"இல்லீங்க பாஸ். காத்து நல்லா நெரம்புச்சுங்க. அதனால சரின்னு இருந்துட்டோம்."

"காத்து நெரம்பும்ப்பா. எந்தப் பக்கம் சுத்துனாலும் பிஸ்டன் மேலயும் கீழயுந்தானே போவும். ஆனா சக்கரத்தோட கைகளப் பாரு, எப்படி வளைஞ்சிருக்கு? இது வெறும் சக்கரம் இல்ல, ஃபேனு. மெஷினு மேல காத்து அடிக்கிறதுக்குத்தான் இத இப்படி வார்த்திருக்கான்."

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு விநாடி போட்டுக் காட்டினார். அம்புக்குறிக்கு எதிர்ப் பக்கமாகச் சுற்றியது. மூன்று பேஸ் மோட்டாரில் மூன்று வயரில் எந்த இரண்டு இடம் மாறினாலும் சுழற்சி திரும்பிவிடும். வயிண்டிங் செய்து வந்த மோட்டாரைப் பூட்டும்போது அதுதான் நடந்திருக்கிறது. சிலிண்டர் மேல் அடிக்க வேண்டிய காற்று வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றிப் பூட்டினார். அதோடு சூடு அடங்கியது. என்னுடைய நாலு நாள் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆகவே உங்கள் மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது அந்த அம்புக்குறி. மோட்டார் கழற்றிப் பூட்டினாலும், மெயின் லைனில் யாராவது வேலை செய்தாலும், ஜெனரேட்டர் மாற்றினாலும் அன்றைக்கே பாருங்கள். அம்புக்குறி அழிந்துபோயிருந்தால் ஒரு நீண்ட குச்சியின் நுனியில் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைக் கட்டி, பெல்ட் கூட்டுக்கு வெளியே நின்று சிலிண்டர் பக்கம் நீட்டுங்கள். பெரும்பாலான மெஷின்களில் சக்கரத்திலிருந்து சிலிண்டரை நோக்கிக் கடதாசி பறக்க வேண்டும். வயரை மாற்றுகிற வேலை எலக்ட்ரீஷியனுடையது, அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். காரணத்தைக் காட்டிக் கொடுப்பதே பாதி வேலை.

இனிக் கொம்பிரசர் ஏன் சூடாகிறது என்று பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு இது தெரியும், பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். அது உராய்வினால் வருகிற சூடு என்று பலர் நினைக்கிறார்கள். உராய்வும் கொஞ்சம் உண்டு. ஆனால் முக்கால் காரணம் வேறு. காற்றைச் சின்ன இடத்துக்குள் நெருக்குவதற்கு நாம் கொடுக்கிற பலம் முழுவதும் அந்தக் காற்றுக்குள் சூடாகப் போய்ச் சேருகிறது. எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவு சூடு.

இந்த இடத்தில் நம் மலைநாட்டுக்கு மட்டும் உள்ள ஒரு விசேஷத்தைச் சொல்ல வேண்டும். "நுவரெலியாக் குளிருக்கு மெஷின் சூடாகாது" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பிழை.

நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் சுமார் 1,270 மீற்றர். உயரத்துக்குப் போகப்போகக் காற்று ஐதாகும். நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் நூற்றுக்கு 80 அளவுதான், ஹட்டனில் 86 அளவு. மெஷினோ ஒரு அடிக்கு ஒரே அளவு இடத்தைத்தான் இழுக்கிறது. கொழும்பில் ஐந்து வாளி காற்றை இழுக்கிற நேரத்தில் இங்கே நாலு வாளிக் காற்றுத்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 4 நிமிடத்தில் நிரம்புகிற டேங்க் நுவரெலியாவில் கிட்டத்தட்ட 5 நிமிடம் எடுக்கும். அந்த ஒரு நிமிடமும் மெஷின் கூடுதலாக வேலை செய்கிறது.

இன்னொன்று. கேஜில் 8 பார் காட்டும் வரைக்கும் அடிக்க வேண்டுமானால், கொழும்பில் காற்றை ஏறத்தாழ 9 மடங்கு நெருக்கினால் போதும். நுவரெலியாவில் ஐதான காற்றிலிருந்து தொடங்குவதால் ஏறத்தாழ 11 மடங்கு நெருக்க வேண்டும். எந்தக் குளிர்ச்சியும் இல்லாமல் ஒரே மூச்சில் அமுக்கினால் என்ன ஆகும்? கொழும்பில் 28 பாகை செல்சியஸில் உள்ளே போகும் காற்று 290 பாகை அளவில் வெளியே வரும். நுவரெலியாவில் 16 பாகையில் போகிற காற்று 300 பாகையில் வரும். இது கணக்கில் வருகிற சூடு. நிஜத்தில் சிலிண்டர் சுவர் வழியாகக் கொஞ்சம் வெளியேறுவதால் இதைவிடக் குறைவுதான். ஆனாலும் விஷயம் விளங்குகிறது அல்லவா? நம் ஊர்க் குளிர் கொடுக்கிற உதவியை நம் ஊர் உயரம் எடுத்துக்கொள்கிறது. ஃபேன் அடிக்கிற காற்றும் ஐதாக இருப்பதால் அது சூட்டைக் கொண்டுபோவதும் குறைவு.

அதோடு, பல ஸ்டோர்களில் கொம்பிரசர் இருக்கும் இடம் டிரையர் அடுப்புக்குப் பக்கத்துச் சுவர். அங்கே காற்று 30 பாகை என்றால் மேலே சொன்ன 300 பாகை 325 ஆகிவிடும். டிரையருக்குள் போகும் சூட்டுக் காற்றே ஏறத்தாழ 100 பாகைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தது இன்று நேற்று அல்ல. சுவிட்சர்லாந்தில் சென் கொத்தார் மலையைக் குடைந்து 15 கிலோமீற்றர் நீளத்துக்கு ரயில் சுரங்கம் அமைத்தார்கள். வேலை 1872 இல் தொடங்கி, 1882 இல் ரயில் ஓடியது. நம் ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் இருக்கும் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அத்தனை தூரம் மலைக்குள்ளே பாறை துளைக்கும் கருவிகளுக்குக் காற்று அனுப்ப வேண்டியிருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த கொலடோன் என்ற விஞ்ஞானி, கொம்பிரசர் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீரைப் பூம்பனியாகத் தெளித்துக் காற்றின் சூட்டை அடக்கினார். வெளியே சாக்குப் போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்: அவர் குளிர வைத்தது காற்றை, கொதிக்கிற இரும்பை அல்ல.

இப்போது உள்ள மெஷின்களில் வேறு வழி. ஒரே மூச்சில் அமுக்காமல் இரண்டு மூச்சில் அமுக்குகிறார்கள். உங்கள் கொம்பிரசரில் ஒரு சிலிண்டர் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் அது இரண்டு கட்ட மெஷின். பெரியதில் பாதி வழி அமுக்கிய காற்று, செதில் வைத்த ஒரு குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து, பிறகு சின்னச் சிலிண்டருக்குள் நுழைகிறது. இப்படிச் செய்தால் அந்த 300 பாகை 135 அளவுக்கு இறங்கிவிடும். மோட்டாருக்கும் பாரம் குறையும். கடலில் மூழ்குகிறவர்கள் முதுகில் சுமக்கும் சிலிண்டர்களில் 200 பார் அளவுக்குக் காற்று அடைக்கிறார்கள். அதற்கு மூன்று நாலு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு குளிர்ச்சி. அமுக்கம் ஏற ஏற, குளிரவைக்காமல் ஒன்றும் நடக்காது.

ஆகவே நடுவில் உள்ள அந்தச் செதில் குழாயும், சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றியுள்ள செதில்களும்தான் மெஷினின் உயிர். ஸ்டோரில் அவற்றுக்கு வருகிற நோய் தேயிலைப் பஞ்சு. சல்லடையிலிருந்து பறக்கிற அந்த மெல்லிய தூசி, ஒயில் கசிவோடு சேர்ந்து செதில்களுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். மெஷினுக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி. வெளியே பார்த்தால் கறுப்பு நிறம் மாதிரித்தான் தெரியும், ஆணியால் சுரண்டிப் பாருங்கள், அரை விரல்கடை உள்ளே போகும். கிழமைக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். காற்று இழுக்கும் ஃபில்டரையும் அதே நாளில் பாருங்கள். ஃபில்டர் அடைத்திருந்தால் ஏற்கெனவே ஐதான காற்று இன்னும் ஐதாகத்தான் உள்ளே போகும், சூடு இன்னும் கூடும்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடியாவது இடம் இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று கீழே ஒரு வழியாக வரவும், சூட்டுக் காற்று மேலே ஒரு வழியாகப் போகவும் ஜன்னலோ துவாரமோ வேண்டும். முடிந்தால் ஃபில்டரிலிருந்து ஒரு குழாயை நீட்டி, நிழல் பக்கத்துச் சுவருக்கு வெளியிலிருந்து காற்று இழுக்கச் செய்யலாம்; மழை படாமல் வாயைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 3 பாகை குளிர்ந்தால் கரண்டில் நூற்றுக்கு ஒன்று மிச்சம். இதைச் சொன்னால் ஐயாமார் காது கொடுப்பார்கள்.

ஜன்னலைச் சாத்தி வைப்பது யார் என்று எனக்குத் தெரியும். ஜூன், ஜூலை மழையில் ஸ்டோருக்குள் கதகதப்பாக இருக்கும் இடம் கொம்பிரசர் அறைதான். நனைந்த படங்கையும் கம்பளியையும் மெஷின் கூட்டின் மேல் காயப்போட்டு, பக்கத்தில் குந்தியிருந்து பிளேன்டி குடிக்காதவர்கள் நம்மில் யார்? நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தத் துணி காற்று வழியை மூடிவிடுகிறது. துணியின் நுனி பெல்ட்டுக்குள் போனால் துணியோடு முடியாது, கையும் போகும்.

கை என்றவுடன் ஒன்று ஞாபகம் வருகிறது. டேங்க் நிரம்பியதும் கொம்பிரசர் தானாக நிற்கும், காற்றுக் குறைந்ததும் தானாக ஓடும். நின்றிருக்கிற மெஷின் செத்த மெஷின் அல்ல, தூங்குகிற மெஷின். பெல்ட்டைத் தொடுவதற்கும் செதில் துடைப்பதற்கும் முன்னால் மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு இல்லாவிட்டால் பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். டேங்கில் உள்ள காற்றையும் வெளியே விட்டுவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நம் ஊர்க் காற்று நனைந்த காற்று. மூடுபனிக்குள் நின்றால் தலைமயிரில் துளி நிற்கிறதே, அந்தக் காற்றைத்தான் மெஷின் இழுக்கிறது. நெருக்கிக் குளிர வைத்தால் ஈரத்தைத் தாங்க இடம் இல்லாமல் அது தண்ணீராகிவிடும், நனைந்த துணியைப் பிழிவது மாதிரி. நிமிடத்துக்கு 500 லீட்டர் காற்று இழுக்கும் மெஷின் ஒன்று 8 மணித்தியாலம் ஓடுகிறது, அறை 20 பாகை, வெளியே மழைக்காலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 லீட்டர் தண்ணீர் சேரும். கிழமைக்கு ஒரு தடவை டிரெயின் டெப் திறக்கிறவர்கள் 18 லீட்டரை டேங்குக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காற்றுக்கு இருந்த இடம் போய்விடும், மெஷின் அடிக்கடி ஓடும், சூடு கூடும். தண்ணீருக்கும் சூட்டுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கிறது.

வேலை முடிந்ததும், மெஷினை நிறுத்தி, டேங்கில் ஒன்று இரண்டு பார் காற்று மிச்சம் இருக்கும்போது டெப்பை மெதுவாகத் திறந்து, தண்ணீர் தீர்ந்து வெறும் காற்று வரும் வரை விடுங்கள். தினமும். அடியில் ஒரு வாளி வையுங்கள். வருவது வெறும் தண்ணீர் அல்ல, ஒயில் கலந்தது, பால் மாதிரி இருக்கும். அதைக் கானுக்குள் ஊற்றினால் கான் போய்ச் சேருகிற இடம் கீழ் லயத்துப் பீலி. மரத்தூள் நிரப்பிய ஒரு தகரத்தில் ஊற்றி வையுங்கள்.

கலர் சோட்டருக்குக் குழாய் போகிறது அல்லவா, அது 100 அடிக்கு ஒரு அடி சரிவாக இருக்க வேண்டும். சரிவு முடிகிற இடத்தில் ஒரு டெப் வேண்டும். பெரிய குழாயிலிருந்து கிளை எடுக்கும்போது அடிப்பக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது. மேல் பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்க வேண்டும். தண்ணீர் அடியில் ஓடும், மேலே காற்று போகும். பிளம்பிங் செய்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அவர்கள் தண்ணீர் வேண்டும் என்று குழாய் போடுகிறவர்கள், நாம் தண்ணீர் வேண்டாம் என்று போடுகிறோம்.

ஒயில் விஷயத்தில் பலர் செய்கிற பிழை, லொறிக்கு வாங்கிய எஞ்சின் ஒயிலை ஊற்றுவது. எஞ்சின் ஒயிலில் கரியைக் கழுவுகிற மருந்துகள் சேர்த்திருப்பார்கள். அவை கொம்பிரசரின் சூட்டில் சாம்பலும் கரியுமாகி வால்வுத் தகட்டில் படியும், தண்ணீரோடும் கலந்துவிடும். கரி படிந்த வால்வு சரியாக மூடாது. மூடாவிட்டால் ஒரு தடவை அமுக்கிய சூட்டுக் காற்றே திரும்பி வந்து மறுபடியும் அமுக்கப்படும். சூடு மேலும் மேலும் ஏறும். அந்தக் கரி சிவந்து, குழாயில் உள்ள ஒயில் ஆவி பற்றி, கொம்பிரசர் லைன்கள் வெடித்த சம்பவங்கள் உலகத்தில் நிறைய உண்டு. மெஷின் புத்தகத்தில் சொல்லியிருக்கும் கொம்பிரசர் ஒயிலையே கேட்டு வாங்குங்கள். மட்டத்தைக் காலையில், மெஷின் ஓடுவதற்கு முன்னால் பாருங்கள்.

சில ஸ்டோர்களில் இப்போது பிஸ்டனுக்குப் பதிலாக ஸ்குரூ கொம்பிரசர் வந்திருக்கிறது. அதில் ஒயிலே சூட்டைச் சுமந்துகொண்டு போய், லொறி ரேடியேட்டர் மாதிரி ஒன்றில் இறக்குகிறது. அந்த ரேடியேட்டரில்தான் பஞ்சு அடைக்கும். இதில் சுழற்சி திரும்பினால் சூடு மட்டுமல்ல, சில விநாடிகளிலேயே மெஷின் பழுதாகிவிடும். இன்னொரு புதினம், ஸ்குரூ மெஷினுக்கு நுவரெலியாக் குளிரில் சூடு குறைந்தாலும் கெடுதி. நின்று நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஓடினால் ஒயில் 70 பாகைக்கு மேல் ஏறாமல், ஈரம் ஆவியாகாமல் ஒயிலிலேயே தங்கிவிடும். ஒயில் பார்க்கும் கண்ணாடியில் வெள்ளையாகத் தெரிந்தால் ஐயாவிடம் உடனே சொல்ல வேண்டும்.

காற்றுக் கசிவையும் சும்மா விடாதீர்கள். 7 பார் அமுக்கத்தில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று செக்கனுக்குச் சுமார் 10 லீட்டர் காற்றைக் குடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் அமைதியாக இருக்கும்போது ஒரு நடை நடந்தால் காதே காட்டிக் கொடுக்கும்; சந்தேகமான இடத்தில் சவர்க்கார நுரை தடவுங்கள்.

காற்றை உடம்பில் அடித்து விளையாடுவதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. வேலை முடிந்து உடுப்பில் உள்ள தூசியை ஹோஸால் ஊதிக்கொள்கிறார்கள். சில பொடியன்கள் பகிடிக்கு ஒருவன் பின்னால் ஹோஸைப் பிடிக்கிறார்கள். அந்தக் காற்று உடம்புக்குள் நுழைந்தால் ஒரு விநாடியில் குடலைக் கிழித்துவிடும். இந்தியாவில் தொழிற்சாலைகளில் இப்படி விளையாட்டில் செத்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பல தடவை வந்திருக்கிறது. தோலில் காயம் இருந்தால் அது வழியாகவும் காற்று உள்ளே போகும், கண்ணில் தூசி குத்தும். உடுப்பைத் தட்டிக்கொள்ளுங்கள், இல்லை பிரஷ் பாவியுங்கள்.

கடைசியாக டேங்க். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே அடியில் தண்ணீர் தேங்கித் துரு தின்றுகொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்த டேங்க் உடைந்தால் நனைவோம், அவ்வளவுதான். காற்று நிறைந்த டேங்க் உடைந்தால் சுவரே போய்விடும். நம் நாட்டின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்று டேங்குகளையும் விட்டுவைக்கவில்லை. தாங்கக்கூடிய அமுக்கம் டேங்கின் மேல் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும், சேப்டி வால்வு, சரியான கேஜ், தண்ணீர் விட வழி வேண்டும், தகுதி பெற்றவர் வந்து காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைப் பத்திரம் எங்கே என்று கேட்பதற்குத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். சேப்டி வால்வு காற்று விடுகிறது என்று அதன் ஸ்பிரிங்கை இறுக்குவதும், ஆணி வைத்து அடைப்பதும் மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

டேங்கின் அடியில் பெயின்ட் கொப்புளித்திருந்தாலோ, ஊசிமுனை அளவு ஓட்டையில் காற்று சீறினாலோ, அந்த இடம் மட்டும் கெட்டது என்று நினைக்கக் கூடாது. சுற்றிலும் தகடு கடதாசியாகியிருக்கும். சில கராஜ்களில் அதற்கு மேல் வெல்டிங் ஒட்டு வைத்து மறுபடியும் ஓட்டுகிறார்கள். உள்ளே ஒயில் ஆவி இருக்கும்போது வெல்டிங் நெருப்பு காட்டுவது ஒரு ஆபத்து. மெலிந்த தகடு அமுக்கத்தைத் தாங்காமல் போவது இன்னொன்று. அப்படிப்பட்ட டேங்கை மெஷினிலிருந்து கழற்றி, காற்று முழுவதும் போன பிறகு, இரண்டு மூன்று இடத்தில் கைத் துறப்பணத்தால் துளை போட்டு வைத்துவிடுவார் அந்தப் பழைய பாஸ். பழைய இரும்புக்காரன் வாங்கிக்கொண்டு போய், பெயின்ட் அடித்து, இன்னொரு டயர் கடைக்கு விற்கக் கூடாது என்பதற்காக.